சொல்லாத் துயரும் சொல்லும் மருந்தும்: உள இயக்கவியல் நோக்கில் ஆளுமை

முன்னுரை

உடலில் காயம் பட்டவர் அதனை மருத்துவரிடம் காட்டத் தயங்குவதில்லை. உள்ளத்தில் காயம் பட்டவரோ அதனை மறைக்கவே முயல்கிறார். வீட்டாரும் உடன்சேர்ந்து மறைக்கின்றனர். ஈமானில் உண்டான குறைவே இத்துயருக்குக் காரணம் என்று கூறிவிடுவோரும் உளர். மறைக்கப்பட்ட துயரம் மறைந்துவிடுகின்றதா? இவ்வினாவிற்கு விடை காண முற்பட்டதே உள இயக்கவியல் கோட்பாடு. அதன் அடிப்படைகளையும் அதன்வழிப் பிறந்த மருத்துவ நெறியையும் ஒரு பெண்ணின் வரலாறு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சு மருத்துவம்

1880ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், யூதக் குடும்பமொன்றைச் சேர்ந்த பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் 21 வயதுப் பெண், நோயுற்ற தந்தைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்து வந்தார். நாளடைவில் அவருடைய வலக்கை செயலிழந்தது, பார்வை தடுமாறியது. ஒரு கட்டத்தில் தாய்மொழியாகிய ஜெர்மன் வாயில் வராமல் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். ஜோசப் பிராயர் என்னும் மருத்துவர் 1882 வரை அவருக்குச் சிகிச்சை அளித்தார்.

ஒரு கோடையில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அப்பெண்ணால் தண்ணீர் பருக இயலவில்லை. குவளையைக் கையில் எடுப்பார்; உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். அறிதுயில் நிலையில் ஒருநாள் காரணம் வெளிப்பட்டது. தமக்குத் துணையாக இருந்த ஆங்கிலப் பெண்மணியின் நாய் குவளையில் நீர் குடித்ததைக் கண்டு அவர் அருவருப்புற்றிருந்தார். ஆயினும் மரியாதை கருதி ஒன்றும் சொல்லாதிருந்துவிட்டார். அடக்கிய சினத்தைக் கொட்டித் தீர்த்தபின் தண்ணீர் கேட்டு வாங்கிப் பருகினார்.

இம்முறைக்குப் 'பேச்சு மருத்துவம்' எனப் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர், அப்பெண்ணே ஆவார். பிராயரும் அவர்தம் இளைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில், இவர் வரலாறு 'அன்னா ஓ.' என்னும் புனைபெயரில் இடம்பெற்றது.

ஆளுமையின் அமைப்பு

மனிதன் தான் அறிந்த காரணங்களால் மட்டும் இயங்குவதில்லை. அவன் அறியாத 'நனவிலி மனம்' அவனை இயக்குகின்றது என்பது ஃபிராய்டின் அடிப்படைக் கருத்தாகும். ஆளுமையை அவர் 1923இல் மூன்று கூறுகளாகப் பகுத்தார். உடனடி இன்பத்தை நாடும் இயல்பூக்கம் 'இட்' ஆகும். பெற்றோரும் சமுதாயமும் விதித்த விலக்குகள் உள்ளத்தில் குடியேறிக் கண்டிக்கும் குரலாக நிற்பது 'சூப்பர் ஈகோ'. இவ்விரண்டிற்கும் புற உலகிற்கும் இடையே நின்று ஈடுகொடுப்பது 'ஈகோ'.

தாங்கவியலாத எண்ணங்களை ஈகோ சில தற்காப்பு உத்திகளால் தடுக்கின்றது. தந்தையிடம் காட்ட முடியாத சினத்தைத் தம்பியிடம் காட்டும் மாணவன் செய்வது இத்தகையதே. இவ்வுத்திகளை முறைப்படுத்தி ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு 1936இல் தனிநூல் வெளியிட்டார்.

ஓர் ஒப்பீடும் எச்சரிக்கையும்

இம்மூன்று கூறுகளையும் நஃப்ஸு அம்மாரா, நஃப்ஸு லவ்வாமா, நஃப்ஸு முத்மயின்னா ஆகியவற்றோடு ஒப்பிட்டுரைப்பது நம்மவரிடையே வழக்கம். ஒப்புமை கவர்ச்சியானதே, ஆயின் முழுமையானதன்று. நஃப்ஸின் நிலைகள் ஆன்மா படிப்படியாக உயர்வதற்குரியவை. ஃபிராய்டின் கூறுகளோ வாழ்நாள் முழுதும் உடனிருந்து ஒன்றோடொன்று போராடுபவை. மேலும், சூப்பர் ஈகோ அமைதியடைந்த உள்ளமன்று. அளவுகடந்து கண்டித்து, அதுவே நோய்க்குக் காரணமாவதும் உண்டு. சிறு பிழைக்கும் தன்னை ஓயாது பழித்து, உணவும் உறக்கமும் இழந்த பிள்ளையைக் கண்டு, பேணுதல் மிக்க பிள்ளை என்று நாம் மகிழ்ந்திருத்தல் தகாது.

மருத்துவ நெறி

ஃபிராய்டு பின்னர் அறிதுயிலைக் கைவிட்டார். மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லச் செய்யும் முறையை மேற்கொண்டார். கனவுகளையும் நனவிலியை அறியும் வழியாகக் கொண்டார். சொல்லவந்தவர் திடீரெனத் தயங்குமிடம் 'எதிர்ப்பு' எனப்படும். அங்கேதான் காயம் இருத்தல் கூடும். பண்டு தாய்தந்தையரிடம் கொண்ட அன்பையும் அச்சத்தையும் மருத்துவர்மீது ஏற்றிக் காண்பது 'உணர்வு மாற்றம்' ஆகும். இதனைக் கண்டுணர்ந்து விளக்குவது இந்நெறியின் உயிர்நாடி எனலாம்.

ஆட்லர் தாழ்வுணர்ச்சியையும், யுங் கூட்டு நனவிலியையும் முதன்மைப்படுத்திப் பிரிந்து சென்றனர். பிற்காலத்தில் பௌல்பி, குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றுறவை ஆராய்ந்தார். வாரத்தில் பல நாள் ஆண்டுக்கணக்கில் நடந்த சிகிச்சையுடன், வாரம் ஒருமுறை சில மாதங்களில் நிறைவுறும் குறுகிய முறைகளும் இன்று வழக்கில் உள்ளன.

கோட்பாட்டின் எல்லை

இக்கோட்பாடு குறையற்றதன்று. எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க இயலாத கொள்கை அறிவியலாகாது எனக் கார்ல் பாப்பர் இதனை மறுத்தார். பெர்த்தாவும் பிராயரின் சிகிச்சையால் முற்றும் குணமடைந்தாரல்லர். 1882இல் சுவிட்சர்லாந்தின் மருத்துவ இல்லமொன்றில் அவர் சேர்க்கப்பட்டார். நலம்பெறச் சில ஆண்டுகள் ஆயின. ஆயினும் அவரே 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1907இல் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் கண்டார். நோயாளி என்னும் பெயர் ஒருவரின் இறுதிப் பெயராகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

முடிவுரை

உள்ளத்தின் நோயை நோயென்றே கொண்டு மருந்து தேடுவது நமக்குப் புதிதன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். ஒன்றன் நோய் மற்றொன்றைத் தாக்கும் என்றும் விளக்கினார். ஆகவே தொழுகையையும் துஆவையும் பற்றுக்கோடாகக் கொண்டவர் மருத்துவரை நாடுவதில் முரண் ஏதுமில்லை.

மாணவச் செல்வங்கள் தம் துயரை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்ல முன்வருதல் வேண்டும். ஆசிரியர்களும் சமுதாயப் பெரியோர்களும் அறிவுரை தொடங்குமுன் சற்றுப் பொறுத்து, அவர்கள் சொல்வதை முழுதும் கேட்டல் வேண்டும். துயர் தணியாவிடில் மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். வியன்னாவின் அப்பெண் ஒரு குவளை நீரைப் பருகுவதற்குத் தேவைப்பட்டது, குறுக்கிடாமல் கேட்கும் ஒரு செவியே.