தெரியாத தொகையைக் கண்டுபிடிப்பது எப்படி?



நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். "ஒருபடிச் சமன்பாடு" என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது, மளிகைக் கடைக்கு இது எதற்கு என்று நினைத்தேன். அந்த அலட்சியத்தால் ஒரு நல்ல பையனின் மனத்தைப் புண்படுத்தினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளிச் சமயம். தற்காலிகக் கடை ஒன்று போட்டு, கடைப் பையனை உட்கார வைத்தேன். "எல்லாச் சரக்கையும் அடக்க விலைக்கு மேல் நூற்றுக்கு 20 வைத்து விற்றுவிடு" என்று சொல்லியிருந்தேன். மூன்று நாளில் ரூ. 36,000 விற்றது. அதில் நூற்றுக்கு 20, அதாவது ரூ. 7,200 லாபம் நிற்க வேண்டும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். மீதச் சரக்கை எடை போட்டுப் பார்த்தால் லாபம் ரூ. 6,000தான் நின்றது. "மீதி 1,200 எங்கேடா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். "தெரியலீங்க முதலாளி" என்றான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

அன்று இரவு, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் நோட்டை வாங்கிப் பார்த்தான். "மாமா, நீங்க 20 வைக்கச் சொன்னது அடக்கத்து மேலே. கழிச்சது விற்ற பணத்திலே" என்றான். அடக்க விலையை 'அ' என்று வைத்து இப்படி எழுதினான்:

அ + (20/100) அ = 36,000
120 அ = 36,000 × 100
அ = 30,000

அடக்கம் 30,000, லாபம் 6,000. பையன் கொடுத்த கணக்கு பைசா சுத்தம். விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வேலைக்கு வந்தான். ஆனால் பழைய கலகலப்பு வரவில்லை.

இந்தக் கணக்கு வியாபாரிக்குப் புதிதல்ல. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, வாரிசுப் பங்கீடு, வழக்கு, வணிகம் ஆகியவற்றுக்குப் பயன்படும் என்றே தம் நூலை எழுதினார். அதில் வரும் 'அல்-ஜபர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. நம் நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாஸ்கரர், தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்தார். தமிழில் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' உண்டு.

செய்ய வேண்டியது நான்கே படி:

1. தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தைப் பெயராக வையுங்கள்.
2. வாயால் சொல்லும் வாக்கியத்தை அப்படியே கணக்காக எழுதுங்கள்.
3. தராசுத் தட்டுப்போல, ஒரு பக்கம் செய்ததை மறு பக்கமும் செய்யுங்கள்.
4. வந்த விடையைத் திரும்பப் போட்டுச் சரிபாருங்கள்.

கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர்க்காரன் நான். அதனால் சர்க்கரையையும் வெல்லத்தையும் வைத்தே அடுத்த கணக்கு. சர்க்கரை மூட்டை ரூ. 2,100; வெல்லம் சிப்பம் ரூ. 1,500 என்று கொள்வோம். வண்டியில் வந்த உருப்படி 40. பட்டியல் மழையில் நனைந்து, மொத்தம் ரூ. 74,400 என்பது மட்டும் தெரிகிறது. சர்க்கரை எத்தனை மூட்டை?

சர்க்கரை 'ச' மூட்டை என்றால், வெல்லம் (40 − ச) சிப்பம்.

2,100 ச + 1,500 (40 − ச) = 74,400
600 ச + 60,000 = 74,400
600 ச = 14,400
ச = 24

சர்க்கரை 24, வெல்லம் 16. சரிபார்ப்பு: 50,400 + 24,000 = 74,400.

பழைய கணக்குப்பிள்ளைகள் இதையே வாய்க்கணக்காகச் சொல்வார்கள். "நாற்பதும் வெல்லமாயிருந்தால் 60,000. கூடுதல் 14,400. சர்க்கரைக்கு உருப்படிக்கு 600 அதிகம். ஆக 24." இரண்டும் ஒரே வழிதான்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் இந்தப் பாடம் தினசரித் தேவையாகிவிட்டது. சர்க்கரைக்கு வரி 5 சதவீதம். மேலே சொன்ன ரூ. 2,100 வரியும் சேர்ந்த விலை என்றால், அதில் வரி எவ்வளவு? 2,100-க்கு நூற்றுக்கு 5, ரூ. 105 என்பது தவறு. வரி, சரக்கு மதிப்பின் மேல்தான்.

ம + (5/100) ம = 2,100
ம = 2,100 × 100/105 = 2,000

வரி ரூ. 100. மூட்டைக்கு ரூ. 5 பிசகு, 24 மூட்டைக்கு ரூ. 120. வரி 18 சதவீதமுள்ள சரக்கில் பிசகு இன்னும் பெரிது. ரூ. 1,180-இல் உண்மை வரி ரூ. 180, தவறாகப் போட்டால் ரூ. 212.40 வரும்.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி: ஒரு சரக்கின் அடக்கம் ரூ. 80. விற்ற விலையில் நூற்றுக்கு 20 லாபமாக நிற்க வேண்டும். என்ன விலைக்கு விற்க வேண்டும்? ரூ. 96 என்று சொன்னால், அன்று நான் செய்த அதே பிழை. விலையை 'வி' என்று வைத்து, வி − (20/100) வி = 80 என்று எழுதிப் பாருங்கள். ரூ. 100 வரும்.

கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் கணக்கைச் சந்தேகப்படுங்கள். ஆளை அப்புறம் பார்க்கலாம். பணத்தைப் பிறகு சம்பாதிக்கலாம். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

— ஒரு மொத்த வியாபாரி, மூங்கில்துறைப்பட்டு