திருமேனிக் காப்பும் நம் மேனிக் காப்பும்



திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் குலசேகரம் வழியே மலையோரம் செல்லும் வெளியூர் அன்பர்கள் அடியேனிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, மூலவருக்கு ஏன் திருமஞ்சனம் நடப்பதில்லை?" என்பதே அது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அத்திருக்கோயிலில் மஹா கும்பாபிஷேகம் நடைபெற்றது. அதன் பிறகு சேவார்த்திகளின் கூட்டமும் பெருகியது, இக்கேள்வியும் பெருகியது.

விடை எளியதே. இருபத்திரண்டு அடி நீளத்தில் அரவணை மேல் பள்ளிகொண்டிருக்கும் அத்திருமேனி கல்லால் ஆனதன்று. 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கி, மூலிகைச் சாறுகள், பிசின்கள், மண் வகைகள் முதலியவற்றைக் கலந்து இறுக்கிய கடுசர்க்கரை யோகத்தால் ஆனது. நீர் பட்டால் அது கரையும். ஆதலின் மூலவர்மீது நீர் படுவதில்லை. திருவனந்தபுரத்து அனந்தபத்மநாப சுவாமியும் அவ்வாறே கடுசர்க்கரைத் திருமேனியர். அங்கே சார்த்திய மலர்களைக் களைவதற்கும் மயிற்பீலியையே கையாள்வர். திருவரங்கத்துப் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. அங்குத் திருமஞ்சனத்திற்கு மாறாகத் தைலக்காப்பு. நமக்கு அணித்தே உள்ள நாங்குநேரி வானமாமலைப் பெருமாளுக்கோ நாள்தோறும் நல்லெண்ணெய்த் திருமஞ்சனம். அவ்வெண்ணெய் சேரும் எண்ணெய்க் கிணற்றைத் தேடிச் சரும நோயுற்றோர் நெடுங்காலமாக நம்பிக்கையோடு வருகின்றனர்.

எம்பெருமான் ஒருவனே. எனினும் திருமேனி எப்பொருளால் ஆனதோ அதற்கேற்றவாறே உபசாரம் அமைகின்றது. கல்லுக்கு உகந்தது சுதைக்கு ஆகாது. சுதைக்கு உகந்தது கடுசர்க்கரைக்கு ஆகாது. இவ்விவேகத்தைச் சந்நிதியில் கண்டு வியக்கும் நாம், அவன் அளித்த இத்தேகத்தைப் பேணும்போது மட்டும் அதனை மறந்துவிடுகிறோம். இன்னது என்று அறியாப் பொருளை எவரோ விற்க வாங்கிப் பூசிக்கொள்கிறோம். இதனை அடியேன் பட்டறிந்தே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்த் திருவிழா ஒன்றிற்கு எட்டு வயதுப் பேத்தியை அழைத்துச் சென்றிருந்தோம். கடைத்தெருவில் ஒருவர் கூம்புக் குழலில் அடைத்த கறுப்பு மருதாணியால் குழந்தைகளின் கைகளில் கொடி வரைந்துகொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும் என்றார். பேத்தி ஆசைப்பட்டாள். அடியேனே பணம் கொடுத்தேன். நான்காம் நாள் அக்கொடி வரைந்த வழியெல்லாம் கொப்புளம் எழுந்தது. இரவெல்லாம் குழந்தை கையை நீட்டிக்கொண்டு அழுதாள். சரும மருத்துவர் பார்த்தவுடனே காரணத்தைக் கூறிவிட்டார். மருதாணி இலையின் இயல்பான நிறம் செம்மையே. விரைவில் கறுப்பாக வேண்டும் என்பதற்காகத் தலைமுடிச் சாயத்தில் இடும் பாரா-பினைலீன்டயமின் என்னும் இரசாயனத்தை அதில் கலக்கின்றனர். ஒருமுறை அதனால் புண்பட்ட உடல் அதனை மறப்பதில்லையாம். இனி ஆயுள் முழுவதும் அக்குழந்தை அத்தகைய சாயங்களைத் தொடலாகாது என்றார். புண் ஆறியும் கொடியின் தழும்பு ஓராண்டுக்கு மேல் மறையவில்லை.

இதில் அடியேனுக்கு உண்டான வேதனை வேறொன்றும் உண்டு. எங்கள் வீட்டு முற்றத்தில் மருதாணிச் செடி ஒன்று மரம் போல் செழித்து நின்றது. ஆடி மாதந்தோறும் அண்டை வீட்டார் அனைவரும் வந்து இலை பறித்துச் செல்வர். மதில் கட்டுவதற்கு இடையூறு என்று அதனை வெட்டச் சொன்னவன் அடியேனே. வீட்டில் இருந்ததை வெட்டிவிட்டு வீதியில் விற்றதை நம்பினேன். அவ்வாறு நேராதிருக்க, இல்லத்திலேயே செய்துகொள்ளத்தக்க சிலவற்றை அளவோடு கீழே தருகிறேன்.

1. குளியல் பொடி

பாசிப்பயறு 500 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ் ஆகியவை வகைக்கு 50 கிராம் போதும். பூக்களை நிழலிலும், பயறு, கிழங்கு, வேர் ஆகியவற்றை வெயிலிலும் உலர்த்துக. வெட்டிவேரைக் கத்தரியால் சிறிதாக நறுக்காவிடில் அரைபடாது நாராக நிற்கும். மாவு மில்லுக்கு எடுத்துச் செல்வோர், அதற்கு முன் அவ்வெந்திரத்தில் மிளகாய் அரைத்தனரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதனைக் கேளாது அரைத்து வந்து குழந்தைகளை அழவைத்தோர் உண்டு. சலித்த பொடியை ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் இட்டு, அரைத்த தேதியை எழுதி ஒட்டி, மூன்று மாதத்திற்குள் பயன்படுத்துக. ஈரக்கையைக் குப்பிக்குள் இடலாகாது.

கோடையில் மோரிலும், பனிக்காலத்தில் பாலிலும், மற்றைய நாட்களில் அரிசி களைந்த நீரிலும் குழைத்துப் பூசலாம். பொடி முகத்தில் காயும்வரை காத்திராது, ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். தேய்ப்பதற்கு முற்றி உலர்ந்த பீர்க்கங்கூடு ஒன்றே போதும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்குவதில் கவனம் தேவை. அது வெளிறிய நிறமும் கற்பூரம் கலந்தாற்போன்ற மணமும் உடையது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் பொடியாக விற்பவற்றுள் வேறு கிழங்கும் சாயமும் இருத்தல் கூடும். கிழங்காகவே வாங்கி அரைப்பது நலம்.

இன்னொன்று. கார்போகரிசியைக் குளியல் பொடியில் சேர்க்கும் வழக்கம் உண்டு. சருமத்தில் வெயில் கடுமையாக உறைக்கும்படி செய்யும் இயல்பு அவ்வரிசிக்கு உண்டு. மருத்துவர் கையில் அது மருந்து, அறியாதார் கையில் அது தீ. வீட்டுப் பொடியில் அதனைத் தவிர்த்திடுக. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்வதும் அத்தகையதே. கொப்புளமும் கருமையும் உண்டாகும்.

2. நால்பாமரத் தைலம்

ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கையும் நம் பகுதியில் நால்பாமரம் என்பர். இவற்றின் பட்டையிட்டுக் காய்ச்சிய நீரில் நீராடுவதும், இவற்றால் காய்ச்சிய தைலம் பூசுவதும் மலைநாட்டு வழக்கம்.

தைலம் காய்ச்சுதற்குச் சார்ங்கதர ஸம்ஹிதை வகுத்த பொது அளவு ஒன்றை நினைவிற் கொண்டால் போதும். அரைத்த விழுது, அதாவது கல்கம், ஒரு பங்கு. எண்ணெய் நான்கு பங்கு. கஷாயம் பதினாறு பங்கு. ஆக 400 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு, நால்பாமரப் பட்டையும் மஞ்சளும் அரைத்த விழுது 100 கிராம், அப்பட்டைகளின் கஷாயம் 1600 மில்லி. அடி கனத்த உருளியில் இட்டுச் சிறு தீயில், அடி பிடிக்காது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரம் இதில் ஆகாது.

பக்குவம் அறிவது எங்ஙனம்? எண்ணெய் மீது நுரை எழும்பும். விழுதை எடுத்து விரல்களால் உருட்டினால் ஒட்டாது திரியாகத் திரளும். அத்திரியைத் தீயில் காட்டினால் சடசடவென்று ஓசை எழாது எரியும். ஓசை எழுந்தால் இன்னும் நீர் உள்ளது, அத்தைலம் விரைவில் கெடும். விழுது கருகிவிட்டாலோ தைலம் பயனற்றதாம். தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் இல்லத்தில் இருப்பின் இன்னும் சிறப்பு.

பட்டை எடுப்பதிலும் தர்மம் உண்டு. நிற்கும் மரத்தைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். கழித்த கிளையிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கோயில் அரசமரத்தின் மீது கத்தி வைத்தல் கூடாது.

அடுப்பே வேண்டாத தைலமும் ஒன்றுண்டு. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துச் சில நாள் வெயிலில் வைத்தால், பகலவனே அதனைக் காய்ச்சி ஊதா நிறமாக்கித் தருவான். செதில் உதிரும் சரும நோய்க்குச் சித்த மருத்துவர்கள் அளிப்பது இதுவே. ஆயினும் உணர்ச்சியற்ற வெண்திட்டு, ஆறாத புண், பரவும் படை ஆகியவற்றை வீட்டுத் தைலத்தால் மறைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தலாகாது, மருத்துவரை நாடுக. கைக்குழந்தைகளின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டொழித்தல் வேண்டும்.

3. பருவமும் கைப்பணியும்

வாக்படர் தமது அஷ்டாங்க ஹ்ருதயத்தில் நாள்தோறும் அப்யங்கம் செய்க என்று விதித்து, சிறப்பாகத் தலை, காது, பாதம் ஆகியவற்றைக் குறிக்கிறார். அஜீர்ணம் உடையோரும் கபநோய் மிக்கோரும் அதனை விலக்குக என்றும் கூறுகிறார். எவருக்கும் எப்போதும் ஏற்றது என்று ஒன்று இல்லை என்பது இதனால் விளங்கும். இருபருவ மழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில், பருவம் பார்த்துச் செய்வது இன்னும் அவசியம்.

சித்திரை, வைகாசியில் வியர்க்குரு வாட்டும். வெட்டிவேர் ஊறிய நீரில் நீராடலாம். பனையோலை விசிறி முடையக் குழந்தைகளுக்குக் கற்பிக்க உகந்த காலமும் இதுவே. விஷுக்கனி உருளியில் கொன்றைப் பூ வைக்கும் கரங்கள் அவ்விசிறியையும் செய்யட்டும்.

ஆனி முதல் ஆவணி வரை மழை. வைகறையில் ரப்பர்த் தோட்டத்திற்குப் பால்வெட்டுக்குச் செல்வோர்க்கும் வயலில் நிற்போர்க்கும் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். முதலில் நன்கு துடைத்து உலர்த்துதலே மருந்து, மற்றவை பிறகு. ஆடியில் மருதாணி, ஆவணியில் தும்பையும் துளசியும் கொண்டு அத்தப்பூக் களம். மருதாணியைப் பறித்த அன்றே சிறிது புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து மைபோல் அரைத்து இரவில் இட்டால், மறுநாள் காலை செம்மஞ்சளாகத் தோன்றி, அதற்கடுத்த நாள் ஆழ்ந்த செம்மையாகும். பச்சிளங் குழந்தைகளுக்கு மருதாணி இடலாகாது. சிலரது இரத்தத்தின் பிறவி இயல்பால் அது பெருங்கேடு செய்தல் கூடும்.

கார்த்திகையில் பனையின் ஆண்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்துத் துணியில் பொதிந்து, மட்டைகளுக்கிடையே கட்டிச் சுழற்றும் மாவளி, விலைகொடுத்து வாங்கும் மத்தாப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. பெரியோர் அருகிருந்து சுழற்றச் செய்க. மார்கழிப் பனியில் சருமம் வறளும். நீராடுமுன் நல்லெண்ணெய் தேய்ப்பது அப்போது மிகவும் தகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் நடப்பதும் அம்மாதத்திலேயே.

மாலை தொடுத்தல் எல்லாப் பருவத்திற்கும் உரிய கைங்கர்யம். நம் மாவட்டத்துத் தோவாளையில் வெண்மையும் செம்மையுமான அரளிப் பூக்களையும் நொச்சி இலையையும் மடித்துப் பின்னும் மாணிக்க மாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் மதிக்கும் அக்கலை நம் வாசலில் இருக்க, நெகிழிப் பூவை வாங்கிச் சந்நிதிக்குக் கொண்டுவருதல் தகுமா என்று அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

முடிவாக ஒன்று. வீட்டில் செய்தது என்பதாலேயே எதுவும் எல்லோர்க்கும் ஏற்றதாகிவிடாது. எந்தப் பொடியையும் தைலத்தையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்திருந்து, அரிப்போ தடிப்போ இல்லையெனில் மட்டுமே உடலுக்குப் பயன்படுத்துக. கடுசர்க்கரைக்கு நீர் ஆகாது என்று அறிந்து பல தலைமுறையாகக் காத்து வந்த அர்ச்சகர்களின் பொறுமையில் சிறிதளவேனும் நமக்கு வேண்டும்.

அடியேன் மதிலின் ஓரத்தில் மீண்டும் ஒரு மருதாணிக் கொம்பை நட்டேன். இப்போது தோளுயரம் வந்துவிட்டது. சென்ற ஆடியில் பாட்டி இலை அரைத்தபோது பேத்தி முதலில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மருத்துவரின் அனுமதி பெற்று, முன்கையில் தடவிப் பார்த்து, இரண்டு நாள் காத்திருந்த பின், சுண்டுவிரல் நுனியில் மட்டும் இட்டுக்கொண்டாள். மறுநாள் காலை அவ்விரலை அடியேனிடம் காட்டி, "தாத்தா, செவந்திருக்கு" என்றாள்.

திருவிழா முடிந்து இல்லம் திரும்பும் அன்பர்கள், பிரசாதத்தோடு ஒரு செடிக்கொம்பையும் கொண்டுசென்று தத்தம் முற்றத்தில் நட்டு வளர்ப்பீர்களாக. எம்பெருமான் திருவருளால் யாவரும் நோயற்ற மேனியும் குறைவற்ற க்ஷேமமும் பெற்று வாழப் பிரார்த்திக்கிறேன்.

சுபம்.