சரக்கு வண்டியின் பின்பட்டையும் பாரக் கணக்கும்

கட்டைவண்டி செய்துவந்த வேலையை இன்று நம் கிராமங்களில் சிறு சரக்கு வண்டிகள் செய்துவருகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வந்ததும் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். அதற்குச் சற்றுப் பெரியவை ‘பிக்கப்’ எனப்படுகின்றன. இவை இல்லையேல் தக்காளி விடியுமுன் ஒட்டன்சத்திரம் சந்தையை எட்டுவது அரிது. வண்டி வாங்கிய சில மாதங்களிலேயே உரிமையாளர் பலர் பட்டறைக்குச் சென்று, பின்பக்க ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகப் போட்டுக்கொள்கின்றனர். பட்டை போட்டால் வண்டி அதிகப் பாரம் தாங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எம்மட்டில் சரி என்பதை இங்கு ஆராய்வோம்.

பின் அச்சின் இருபுறமும் வில்லைப்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். பாரம் ஏறியதும் இவை வளைந்து கொடுக்கின்றன. பாரம் இறங்கியதும் பழைய நிலைக்கு மீள்கின்றன. ஒரே அளவுள்ள பட்டைகள் ஐந்து இருக்குமிடத்தில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தால் அடுக்கின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது, ஒரு டன் பாரத்திற்கு முன்பு 100 மில்லிமீட்டர் தாழ்ந்த வண்டி இனிச் சுமார் 83 மில்லிமீட்டர் தாழும். ஆனால், பட்டையின் கனத்தைக் கூட்டினால் விளைவு வேறு. விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், 10 மில்லிமீட்டர்ப் பட்டை ஒன்று 8 மில்லிமீட்டர்ப் பட்டைகள் இரண்டிற்கு ஏறக்குறையச் சமம். இதனைக் கேட்டவுடன் கனத்த பட்டையே சிறந்தது எனக் கொள்ளலாகாது. ஒரே அளவு வளையும்போது கனத்த பட்டையின் மேற்பரப்பில் இழுவிசை அதிகம். மெல்லிய பட்டைகளோடு சேர்த்துக் கட்டினால் முதலில் முறிவது அதுவே.

விறைப்புக் கூடினால் காலி வண்டி துள்ளும். துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழுவதால் ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். தக்காளி, வாழைத்தார், திராட்சை போன்றவற்றை ஏற்றுவோருக்கு இதில் நேரடி நட்டமும் உண்டு. அரை வண்டிச் சரக்கோடு செல்லும் நாளில் அடித்தட்டுக் கூடையிலுள்ள பழம் நசுங்கிப் போகும். இத்தகையோர்க்கு ஏற்றது ‘ஹெல்பர்’ எனப்படும் துணைப்பட்டை. அது குறைந்த பாரத்தில் வேலை செய்யாது சும்மா இருக்கும். வண்டி குறிப்பிட்ட அளவு தாழ்ந்த பின்னரே தாங்கியில் பட்டுத் தோள் கொடுக்கும். செலவு சற்று மிகுதியேயாயினும் என் கருத்தில் அதுவே தகுதியான முறை.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். பட்டை வண்டியை நிமிர்த்தி வைக்குமேயன்றி அதன் பாரம் தாங்கும் எல்லையை உயர்த்துவதில்லை. பாரம் பட்டையோடு நின்றுவிடுவதில்லை. அச்சு, பேரிங், டயர், பிரேக் ஆகிய அனைத்தின் வழியாகவுமே சாலையை அடைகிறது. இவற்றில் எது நலிந்ததோ அதுவே வண்டியின் எல்லை. டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 100 என்றிருப்பின் அந்த டயர் 800 கிலோ தாங்கும் என்பது பொருள். பின்னால் அத்தகைய டயர் இரண்டே உள்ள வண்டியில், எத்தனை பட்டை போட்டாலும் பின் அச்சின்மேல் 1,600 கிலோவிற்குமேல் செல்வது ஆபத்து. அந்த 1,600 கிலோவில் வண்டியின் சொந்த எடையில் ஒரு பகுதியும் அடங்கும் என்பதை மறக்கலாகாது.

பிரேக்கின் நிலை இன்னும் கவலைக்குரியது. எடை ஒன்றரை மடங்கானால், அதே வேகத்திலிருந்து வண்டியை நிறுத்தும்போது பிரேக்கில் எழும் வெப்பமும் ஒன்றரை மடங்காகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. சில வண்டிகளில், பின் பிரேக்கிற்குச் செல்லும் எண்ணெய் அழுத்தத்தைப் பாரத்திற்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. அச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட அது, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே பாரத்தை அறிகிறது. பட்டை சேர்த்து வண்டியைத் தாழாமல் செய்துவிட்டால், பாரம் நிறைந்திருக்கும்போதே அவ்வால்வு வண்டி காலியாக உள்ளதுபோல் நடந்து, பின் பிரேக்கின் வலிமையைக் குறைத்துவிடும். பட்டை மாற்றிய பின் அக்கம்பியைத் தயாரிப்பாளர் கூறும் அளவிற்குச் சரிசெய்தல் இன்றியமையாதது. பட்டறைகள் பலவற்றில் இதனை யாரும் நினைப்பதில்லை.

எல்லையை அறிவது கடினமன்று. பதிவுச் சான்றிதழில் காலி எடையும் மொத்த எடையும் குறிக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, காலி எடை 1,700 கிலோ, மொத்த எடை 2,900 கிலோ எனில் மிஞ்சுவது 1,200. காலி எடையில் ஓட்டுநர் சேர்வதில்லை; அவருக்கும் உடன் வரும் இருவருக்கும் 200 கிலோ கழித்தால் சரக்கிற்கு 1,000 கிலோவே இடம். சிமெண்டு மூட்டையானால் இருபது. செங்கல்லானால், கல் ஒன்று 3 கிலோ என வைத்துக்கொண்டு, முந்நூற்று முப்பது. கோடையில் 2,000 லிட்டர்த் தொட்டியை ஏற்றி ஊருக்கு ஊர் நீர் கொண்டு செல்லும் வண்டிகளைப் பார்க்கிறோம். நீர் மட்டுமே இரண்டு டன். தொட்டி அரைகுறையாக நிரம்பியிருக்கையில் வளைவுகளில் நீர் ஒருபுறம் பாய்ந்து வண்டியைச் சாய்க்கவும் கூடும்.

அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி தண்டம் 20,000 ரூபாய்; மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகுதிச் சரக்கை இறக்கும் கூலியும் உரிமையாளரைச் சேரும். அதனை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். பட்டை கூட்டியிருக்கிறேன் என்பது இதற்கு விடையாகாது.

ஊராட்சி ஒன்றியச் சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவன் என்ற முறையில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனையில், அச்சுப் பாரம் கூடக்கூடச் சாலையின் தேய்வு ஏறத்தாழ அதன் நான்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது எனக் கண்டனர். அச்சுப் பாரம் ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே தேய்வு இருமடங்காகிறது. மெல்லிய தளமுள்ள கிராமச் சாலைகளில் மழைக்காலம் முடிந்ததும் தோன்றும் குழிகளுக்கு மழை மட்டுமே காரணமன்று.

வால் தாழ்கிறது என்று பட்டறைக்குச் செல்லுமுன் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நலம். முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், ஒரு டன் சரக்கின் நடுப்புள்ளி பின் அச்சிற்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் பின் அச்சு 900 கிலோ சுமக்கும். அதே சரக்கு அச்சிற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் சென்றால் பின் அச்சின்மேல் 1,100 கிலோ. முன் அச்சிலிருந்து 100 கிலோ தூக்கப்பட்டு, ஸ்டியரிங் கைக்கு இலேசாகிவிடும். கனமானவற்றைக் கேபினை ஒட்டி அடுக்கினாலே பலருடைய குறை தீர்ந்துவிடும்.

அவ்வாறாயின் பட்டை எப்போது தேவை? அனுமதித்த பாரத்தை நாள்தோறும் கரடுமுரடான பாதையில் சுமந்து பழைய பட்டைகள் தளர்ந்திருந்தால் அவற்றை மாற்றத்தான் வேண்டும். அதே எல்லைக்குள் ஒரு துணைப்பட்டை சேர்ப்பதிலும் பயன் உண்டு. ஆயினும் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்க.

வேலை செய்யும்போது வண்டியை ஜாக்கியின்மேல் மட்டும் நிறுத்தி அடியில் ஒருவரும் புகலாகாது. சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கிகள் வைக்கப்படல் வேண்டும். இருபுறமும் ஒரே வகைப் பட்டைகளே இருத்தல் வேண்டும். முறிந்த பட்டையை வெல்டு வைத்து ஒட்டுவதும், தளர்ந்த பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிடுவதும் கூடா. எஃகின் பதம் போய்விடும். அடுக்கு உயர்ந்துவிடுவதால் நடுப் போல்ட்டும் யூ போல்ட்டுகளும் நீளமான புதியனவாகப் போடப்பட வேண்டும். முழுப் பாரத்துடன் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து யூ போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். அவற்றை மறுபடியும் முடுக்க வேண்டும். வண்டியின் பின்புறம் உயர்ந்து முகப்பு விளக்கின் ஒளி தாழ்ந்திருக்குமாதலால், அதையும் அன்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.