உறவுப்பெயர் பெறாதவன்

மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி 1818 ஆம் ஆண்டிலே தம் பெயரிடாது வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் நாவலை வெறும் பேய்க்கதையென ஒதுக்குவார் பலர். திரைப்படங்களாற் பெயர் பெற்று, அவற்றாலேயே பொருள் திரிந்த நூல் அது. படைத்தவனின் பெயரைப் படைக்கப்பட்டவனுக்கு ஏற்றிக் கூறுவாரும் உளர். உண்மையில் அவனுக்குப் பெயரே இல்லை. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன் பிணங்களின் உறுப்புக்களைப் பொருத்தி அவனுக்கு உயிரூட்டினான். அவன் கண் திறந்ததும் அருவருத்து ஓடினான்.

நூலாசிரியைக்கு இஃது எட்டாத கற்பனையன்று. 1797 இல் அவரைப் பெற்ற சில நாட்களில் தாயார் இறந்தார். 1815 இல் அவருடைய முதற் குழந்தை இரு வாரங்களுக்குள் மாண்டது. காதலனுடன் சென்றமைக்காகத் தந்தை வில்லியம் கொட்வின் அவரை நெடுநாள் காண மறுத்தார். அத் தந்தைக்கே இந் நூல் காணிக்கையாக்கப்பட்டது.

நாவலின் உயிர்நிலை எனக்குத் தோன்றுவது டி லேசி குடும்பத்தைப் பற்றிய பகுதியே. கண்ணிழந்த முதியவர், மகன் பீலிக்ஸ், மகள் அகதா. பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்டுப் பொருளிழந்து, செருமனியில் ஒரு குடிசையில் ஒதுங்கியவர்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், ஒரே லயத்து உறவினர் சிலர் தலைமன்னாரிற் கப்பலேறச் சிலர் இங்கேயே தங்கிய கதையை எல்ல, பதுளைத் தோட்டங்களிற் கேட்டு வளர்ந்த நம் மாணவருக்கு இவர்கள் நிலையை விளக்க வேண்டுவதில்லை. பிள்ளைகள் தாம் பசித்திருந்து தந்தைக்கு உணவிடுகின்றனர். சுவரை அடுத்த கொட்டிலில் ஒளிந்திருப்பவன் இதனைக் கண்டு, அவர்கள் உணவைத் திருடுவதை விடுத்து, இரவில் விறகு சேர்த்து வாயிலில் வைக்கிறான். அவன் மொழி கற்பதும் அங்கேதான். முதலில் நெருப்பு, பால், அப்பம், விறகு. பின்னர் தந்தை, சகோதரி, மகன். மொழியாசிரியன் ஒருவனுக்கு இவ்விடத்தைக் கடந்து செல்வது எளிதன்று. உறவுப்பெயர்களையெல்லாம் கற்றவனை அவற்றுள் ஒன்றாலும் அழைப்பாரில்லை.

ஒருநாள் தனித்திருந்த முதியவரிடம் அவன் அடைக்கலம் வேண்டுகிறான். அவர் முகங்காணாதவராதலின் பரிவோடு பேசுகிறார். அவ்வேளை உள்ளே வந்த பீலிக்ஸ், தந்தையின் முழங்காலைப் பற்றியிருந்தவனை இழுத்துக் கோலால் அடிக்கிறான். பீலிக்ஸ் கொடியவனல்லன், தந்தைமீது கொண்ட அன்பே அவன் கையிற் கோலாயிற்று. நாவலின் கொடுமையான இடம் இதுவே. பின்வரும் கொலைகள் இதன் விளைவுகளே. சிறுவன் வில்லியம் கொல்லப்படுவதும், அவன் பிராங்கன்ஸ்டைன் குடும்பத்துப் பிள்ளை என்பதை அறிந்த பின்னரேயாம்.

நம் பாரதத்துக் கன்னனும் பெற்றவளாற் கைவிடப்பட்டவனே. ஆயினும் ஆற்றில் வந்த பேழையைத் திறக்க அதிரதனும் இராதையும் இருந்தனர். ‘இராதேயன்’ என்னும் பெயரும் கிடைத்தது. இவனுக்கு வாய்த்ததோ கோலடி.

இறுதியில் வடகடற் பனிக்கிடையே, கப்பலொன்றில் விக்டர் இறந்து கிடக்கிறான். தந்தை, தம்பி வில்லியம், மனைவி எவரும் எஞ்சிலர். அவ்வுடலின்மேற் குனிந்து அழுபவன் அவனால் மகனென்று ஏற்கப்படாத அவனே. ஈமக்கடன் செய்ய அவனுக்கு உரிமையில்லை. தன் சிதையைத் தானே அடுக்கித் தீ மூட்டப்போவதாகக் கூறிப் பனிக்கட்டியின்மீது இறங்கி இருளில் மறைகிறான்.