முதல் வாக்கும் மூன்று இலக்கமும்

கோப்பாய்,
06.09.2024

அன்புள்ள மருமகளுக்கு,

உன் குரல் பதிவு கிடைத்தது. "ஒருத்தரும் சரியில்லை மாமா, இந்த ஜனாதிபதித் தேர்தலுக்காகப் பேராதனையிலயிருந்து பஸ் ஏறி வரவேணுமோ?" என்று கேட்டிருந்தாய். ஒருத்தரும் சரியில்லை என்ற பகுதியில் உன்னோடு எனக்கு வாதமில்லை. ரணில் 2002இல் புலிகளோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்தான். ஆனால் 75ஆவது சுதந்திர தினத்துக்கு முதல் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்றாரே, அந்த 2023 பெப்ரவரி 4 சும்மா வந்து சும்மா போனது. உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று போன மாதம்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. சஜித் இங்கே வரும்போது 13ஆவது திருத்தத்தை முழுமையாகத் தருவேன் என்கிறார். 2019இல் எங்கள் மாவட்டம் அவருக்கு எண்பது வீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. அந்த வாக்குக்குப் பிறகு பாராளுமன்றத்தில் எங்களுக்காக எத்தனை தரம் எழும்பினார் என்று நீயே தேடிப் பார். அனுரவின் ஜே.வி.பி. உயர் நீதிமன்றம் வரை போய் 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்த கட்சி. களவெடுக்காத ஆட்கள் என்று உன் கம்பஸ் சிநேகிதிகள் சொல்வதையும் நான் தட்டிவிடவில்லை. அரியநேத்திரன் எங்கள் ஆள், சங்குச் சின்னம். அவர் ஜனாதிபதியாகப் போவதில்லை என்பதை அவரை நிறுத்தியவர்களே மறைக்கவில்லை. தமிழரசுக் கட்சி போன ஞாயிறு வவுனியாவில் கூடி சஜித்துக்குப் போடச் சொன்னது. அதே கட்சிக்குள்ளேயே சங்குக்குப் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கஜேந்திரகுமார் தரப்பு பகிஷ்கரியுங்கள் என்கிறது. பெரிய தலைகளே இப்படிப் பிய்த்துக்கொண்டு நிற்க, பதினெட்டு முடிந்த உனக்குக் குழப்பம் வராமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் "சரியில்லை, ஆகவே வரமாட்டேன்" என்பதில் அந்த "ஆகவே" எனக்கு ஒத்துவரவில்லை.

2005 நவம்பரை உனக்குத் தெரியாது. புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதிலும் மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையில் முடிவில் நின்ற வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம். யாழ்ப்பாணத்துப் பதிவு வாக்காளர்களோ பல லட்சம். ரணில் வந்திருந்தால் யுத்தம் வந்திராது என்று சொல்ல நான் ஆளில்லை, அதை ஒருவராலும் நிரூபிக்க முடியாது. யார் வரவேணும் என்ற கேள்வியில் எங்கள் சனத்தின் கை அன்று இருக்கவில்லை, அவ்வளவுதான் நான் சொல்வது. தானாக வீட்டில் நிற்பது வேறு, நிறுத்தி வைக்கப்படுவது வேறு என்பாய். உண்மை. எண்ணுகிற மேசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதைவிடக் கொடிய தேர்வு 2010 ஜனவரி. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம். ஒரு பக்கம் யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி மகிந்த, மறுபக்கம் அதே யுத்தத்தில் இராணுவத்துக்குத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவுக்குப் போடச் சொன்னது. இதைவிட மோசமான தெரிவு உன் தலைமுறைக்கு வரக்கூடாது. ஆனால் சனம் என்ன செய்தது? யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் பொன்சேகா பக்கம் நின்றன. அவரை மன்னித்துப் போட்ட வாக்கென்று நான் நினைக்கவில்லை. கதிரையில் இருக்கிறவரை இறக்க வேணும் என்பதைத் தவிர வேறு கணக்கில்லை. மகிந்த வென்றார், அடுத்த மாதமே பொன்சேகாவைப் பிடித்து அடைத்தார்கள். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் நாலில் ஒருவர்தான் வாக்களிக்கப் போனார்கள். போகாத மூன்று பேரின் மனமும் எனக்கு விளங்கும். கொம்மாவிடம் கேட்டுப்பார், அவள் போனாளா என்று. நான் கேட்டதில்லை.

இந்தத் தேர்தல்களையெல்லாம் பார்த்த பிறகு, வேட்பாளரின் மனசைப் பார்த்து வாக்களிக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். நான் பார்ப்பது அவருடைய பேனையை.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொருவரின் விஞ்ஞாபனத்தையும் எடு, இணையத்தில் தமிழிலும் கிடக்கிறது. ஒரு கொப்பியில் நடுவில் கோடு போடு. ஜனாதிபதியின் ஒரு கையெழுத்தால் நாளைக்கே ஆகக்கூடியதை ஒரு பக்கத்தில் எழுது, பாராளுமன்றம் சம்மதித்தால்தான் ஆகும் என்பதை மறுபக்கத்தில் எழுது. புதிய அரசியலமைப்பு, சமஷ்டி என்று வருவதெல்லாம் 225 பேரில் 150 பேர் கையுயர்த்தினால்தான். மாகாண சபைத் தேர்தலுக்கும் சட்டத்தைத் திருத்த வேணும், ஆனால் சாதாரணப் பெரும்பான்மை போதும். எங்கள் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்து, ஆளுநர் ஆட்சிதான் நடக்கிறது. அந்த ஆளுநரை நியமிப்பது யார்? ஜனாதிபதி. முப்படைத் தளபதி அவர், ஆகவே படையிடம் இருக்கும் காணியை விடச் சொல்லவும் அவரால் முடியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒரு பிள்ளையைத் தடுத்து வைக்க பாதுகாப்பு அமைச்சரின் ஒப்பம் வேணும், அந்த அமைச்சும் இப்போது ஜனாதிபதியின் கையில்தான்.

பேனையின் பலத்துக்கு இரண்டு உதாரணம். மிருசுவிலில் 2000 டிசம்பரில் சின்னப்பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ஒரு படையினருக்கு மரண தண்டனை கிடைத்தது, உயர் நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவுக்குக் கதவடைத்திருந்த நேரம், ஜனாதிபதி கோட்டாபய பொதுமன்னிப்புக் கொடுத்து அந்த ஆளை வெளியே விட்டார். அத்தனை வருட வழக்கு ஒரு கையெழுத்தோடு போனது. மற்றது மயிலிட்டி. அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபாலவும் ஒன்றும் வெள்ளை வேட்டியில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 2015இல் இங்கே நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அவருக்குத்தான் விழுந்தது. 2017 ஜூலையில், 27 வருடத்துக்குப் பிறகு, மயிலிட்டித் துறைமுகம் படையிடமிருந்து திரும்பக் கிடைத்தது. கேட்டது எல்லாம் கிடைத்ததா? இல்லை. அரசியல் கைதிகளும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் இன்னும் கேள்வியாகத்தான் நிற்கிறார்கள். மயிலிட்டி கடற்றொழிலாளியிடம் போய் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்லிப் பார், ஒரு முறை முறைப்பான்.

மைத்திரியிடம் இன்னொன்றையும் கவனி. 2015இல் 19ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, நாலரை வருடத்துக்குள் பாராளுமன்றத்தைத் தன்னிஷ்டத்துக்குக் கலைக்க முடியாது என்று தன் கையைத் தானே கட்டினார். 2018இல் அதை மறந்து மகிந்தவைப் பிரதமராக்கி, சபையையும் கலைத்தார். உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். மனிதர் மாறிவிட்டார், அவர் முன்பு போட்ட வேலி மாறவில்லை. ஆகவே ஒருவர் பதவிக்கு வந்தபின் நல்லவராக இருப்பாரா என்று என்னிடம் கேட்காதே. அவர் கெட்டுப்போனால் எது தடுக்கும், அந்தத் தடையை அவர் கூட்டுவாரா குறைப்பாரா என்று கேள். நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பேன் என்று 1994இலிருந்து சொல்கிறார்கள். சொன்னவர்கள் வென்ற பிறகு அந்தக் கதிரை சுகமாக இருந்திருக்க வேணும்.

இனி உன் கையில் வரப்போகும் சீட்டைப் பற்றி. இம்முறை 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டிருக்கிறது, சீட்டு இரண்டு அடிக்கு மேல் நீளும். 2019இல் மத்திய கல்லூரியில் எண்ணும் கடமையில் இருந்தபோது, ஐம்பது ஐம்பதாகக் கட்டிய சீட்டைப் புரட்டிப் புரட்டிக் கை சோர்ந்துவிட்டது. அதில் இரண்டாம், மூன்றாம் விருப்பு போட்டது தேடித்தான் கண்டுபிடிக்க வேணும். குறுக்காக "ஒருத்தரும் வேண்டாம்" என்று வடிவான எழுத்தில் எழுதிய ஒரு சீட்டும் வந்தது. கட்சி முகவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு நிராகரித்த கட்டில் வைத்தோம். எழுதியவருக்குத் தன் கோபத்தைச் சொல்லிவிட்ட திருப்தி இருந்திருக்கும். அதை வாசித்தது அந்த மேசையிலிருந்த நாங்கள் மட்டும்தான்.

எங்கள் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்பு இடலாம். ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவருக்கு 1 போட்ட சீட்டில், 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். இல்லாவிட்டால் 3 பார்க்கப்படும். இதுவரை நடந்த எட்டுத் தேர்தலிலும் அந்த எண்ணிக்கைக்குத் தேவை வரவில்லை, ஆகவே சனம் மறந்துபோனது. இம்முறை ரணில், சஜித், அனுர என்று மூன்று பேர் பலமாக நிற்கிறார்கள், வந்தாலும் வரும்.

ஆகவே உன் சங்கடத்தில் பாதி தேவையில்லாதது. சங்குக்குப் போட்டால் வாக்கு வீண், போடாவிட்டால் இனத்துக்குத் துரோகம் என்று இரண்டு பக்கத்தாலும் உன்னை நெரிக்கிறார்கள். 1 சங்குக்கு என்றால், 2 பெரிய மூவரில் யாருடைய பேனை ஆபத்துக் குறைந்ததோ அவருக்கு, 3 அடுத்தவருக்கு. 1ஐயே மூவரில் ஒருவருக்குப் போடுகிறாய் என்றாலும் 2ஐ வெறுமையாக விடாதே. அவர் மூன்றாவதாக வந்தால் அது எண்ணப்படும். முதல் இருவருக்குள் வந்தால் உன் 2ஐ ஒருவரும் பார்க்கமாட்டார்கள், நட்டமுமில்லை. பகிஷ்கரிப்புத்தான் உன் முடிவென்றால் அதையும் யோசித்துச் செய், பஸ் கிடைக்காததால் செய்யாதே.

புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்காதே, இலக்கம் மட்டும் போடு. வேறு ஒரு கோடும் கீறாதே. அடையாள அட்டையை மறவாதே. போனை உள்ளே எடுக்க விடமாட்டார்கள். 21ஆம் திகதி சனிக்கிழமை, காலை ஏழிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை. வியாழன் இரவு பஸ்ஸுக்கு இப்போதே சீட் புக் பண்ணு, வெள்ளிக்கிழமை ஒன்றும் கிடைக்காது. கோடு போட்ட கொப்பியையும் கொண்டு வா. யாருக்குப் போடப்போகிறாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எந்த வாக்குறுதியை எந்தப் பக்கத்தில் எழுதினாய் என்று மட்டும் பார்க்க வேணும். காணி அதிகாரத்தை எங்கே எழுதினாய் என்பதில் உனக்கும் எனக்கும் ஒரு சண்டை இருக்கும் போலிருக்கிறது.

அன்புடன்,
மாமா