நீண்ட நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறாயா? டாலிகஞ்ச் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

மே லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கைக்கு வந்துவிட்டதா தங்கச்சி? சந்தோஷம். பெட்டி கட்டுவது உனக்கே தெரியும். நீ இல்லாத நேரத்தில் பூட்டிக் கிடக்கப்போகிற வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரையிலோ சென்னையிலோ வீட்டைப் பூட்டினால் திருட்டுப் பயம்தான் முதலில் வரும். அந்தமானில், நம் டாலிகஞ்சில் முதல் எதிரி ஈரம். நம் தீவில் வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை மழையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் தொடுவது அந்தமான் நிக்கோபார் தீவுகளைத்தான், மே மாதம் பாதி தாண்டியதுமே வந்துவிடும். ஏப்ரல் கடைசியில் காய்கிற வெயிலில் நீ வீட்டைப் பூட்டுவாய். ஜூனில் கொட்டுகிற மழையில் வந்து திறப்பாய். அதனால் திரும்பி வருகிற நாளின் மழையை மனசில் வைத்து வீட்டைத் தயார் செய்.

திரும்பும் தேதியையும் இறுக்கமாக நம்பாதே. ஹேடோ ஜெட்டியிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். வானிலை கெட்டால் கப்பலும் தள்ளும், விமானமும் தள்ளும். 2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேயர் பக்கமாகவே தீவைக் கடந்தது உனக்கு நினைவிருக்கலாம். நீ போட்ட கணக்கோடு பத்து நாளைக் கூட்டிக்கொண்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்.

இரண்டு வாரம் முன்பே: கூரையும் தோட்டமும்

ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலையை முதலில் முடி. கடைசி வாரத்தில் தேடினால் ஆள் கிடைக்காது.

தகர ஷீட் கூரை என்றால் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குள் எல்லா ஜன்னலையும் சாத்தி, இருட்டாக்கி, மேலே பார். வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிற இடத்தில்தான் மழை ஒழுகும். ஆணி துருப்பிடித்து வாஷர் போயிருந்தால் மாற்றச் சொல். கூரை ஓரத்துப் பைப்பில் அடைத்திருக்கும் சருகை அள்ளிவிடு. அடைத்தால் தண்ணீர் சுவர் வழியாக உள்ளே இறங்கும்.

தென்னை கூரைக்கு மேல் சாய்ந்திருந்தால் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடு. மழைக்காற்றில் ஒரு தேங்காய் விழுந்தாலும் ஷீட் கிழியும், பிறகு நீ வரும்வரை அந்த ஓட்டை திறந்தே கிடக்கும்.

பூந்தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, மண்மேல் தேங்காய்நாரைப் பரப்பு. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை மட்டும் எடுத்துவிடு, தண்ணீர் தேங்கினால் கொசு வரும். முதல் மழைக்கே ஆப்பிரிக்கப் பெரு நத்தைகள் கிளம்பிவிடும். சுவரோரம் குப்பை, பழைய பலகை, செங்கல் குவிந்திருந்தால் அப்புறப்படுத்து. நத்தை, பூரான், பாம்பு எல்லாம் தங்குகிற இடம் அதுதான்.

தண்ணீர்: குழாய், டிரம், டேங்க்

தனிக்காரி அணையில் தண்ணீர் குறைகிற வெயில் காலத்தில் நமக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்ப்போம், வராது, அப்படியே மூட மறந்துவிடுவோம். நீ கிளம்பின பிறகு தண்ணீர் வந்தால் வீடு முழுக்க ஓடும். தெருவே தண்ணீருக்கு ஏங்கும்போது உன் வீட்டில் அது வீணாகும். ஒவ்வொரு குழாயையும் கையால் திருகிப் பார். பிறகு வீட்டுக்குள் வருகிற மெயின் வால்வையும் மூடு.

டிரம், வாளி, அண்டா எல்லாவற்றையும் காலி செய்து, உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வை. வெறுமனே கொட்டினால் போதாது. டெங்கு, சிக்குன்குனியா பரப்புகிற ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். அந்த முட்டை தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழைத்தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். 2006-ல் போர்ட் பிளேயரில் சிக்குன்குனியா பரவியபோது மூட்டுவலியில் ஜனங்கள் பட்டபாட்டைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சின்டெக்ஸ் டேங்க் மூடியை இறுக்கி, ஓவர்ஃப்ளோ பைப் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டு. ஃபிளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி ஒரு தடவை ஃபிளஷ் செய்துவிடு. டாய்லெட் குழியில் நிற்கும் தண்ணீர் அப்படியே இருக்கட்டும், நாற்றத்தைத் தடுப்பது அதுதான். மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடியைச் சாத்து. குளியலறைத் தரைச் சல்லடையில் இரண்டு சொம்பு தண்ணீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஊற்று. எண்ணெய்ப் படலம் தண்ணீரைச் சீக்கிரம் வற்றவிடாது. கரப்பானும் நாற்றமும் மேலே ஏறாது. சல்லடைமேல் ஒரு கவரைப் போட்டு, செங்கலைத் தூக்கி வை.

எலிக்கு இடம் கொடுக்காதே

நம் டாலிகஞ்சிலேயே ஐ.சி.எம்.ஆரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1983-ல் தொடங்கிய அந்த மையம் எலிக்காய்ச்சல் ஆராய்ச்சிக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் இங்கே காரணம் தெரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று சொல்லிவந்த நோய், பிறகு எலிக்காய்ச்சல்தான் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் இந்தக் கிருமி இருக்கும்; காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும். ஆளில்லாத வீடும் மழை ஈரமும் சேர்ந்தால் எலிக்குக் கொண்டாட்டம்.

சமையலறைச் சிங்க் பைப், கேஸ் டியூப், ஒயர் நுழைகிற ஓட்டைகளைப் பார். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசிவிடு. கம்பி நாரை எலி கடிக்காது. எலி விஷத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகாதே. தின்ற எலி பீரோவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் நாற்றம் துணியில் ஏறி, துவைத்தாலும் போகாது.

சமையலறை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காய்கறி வாங்குவதைக் குறைத்து, இருப்பதைத் தீர். மாவு, ரவை, திறந்த பாக்கெட், பாதி அப்பளக் கட்டு எதையும் வைக்காதே. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடு. அரிசி, பருப்பை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு துண்டு வசம்பும் நாலு வரமிளகாயும் போட்டு மூடு. டப்பா பாதி காலியாக இருக்கக்கூடாது. நிறைந்த டப்பாவில் காற்றும் குறைவு, ஈரமும் குறைவு.

ஃபிரிட்ஜுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் கரையவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடை. கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பார். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடு. பின்பக்கம் அடியில் தண்ணீர் சேர்கிற தட்டு ஒன்று இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, கொசு மட்டும் பார்த்துவிடும். அதையும் காலி செய்து காயவை. கடைசியாக, மடித்த துண்டைக் கதவிடுக்கில் வைத்து நாலு விரல் திறந்திருக்கும்படி கட்டிவிடு. சாத்தினால் பூஞ்சணம் நிச்சயம். வாஷிங் மெஷின் மூடியும் திறந்தே இருக்கட்டும்.

பீரோவும் படுக்கையும்

சுவரை ஒட்டி நிற்கும் பீரோ, கட்டில், சோபா எல்லாவற்றையும் ஒரு சாண் முன்னே இழு. மழைக்காலத்தில் சுவர் ஈரத்தை இழுக்கும். ஒட்டி நிற்கும் மரம் அதை வாங்கிக்கொள்ளும். கரையான் வருவதும் அந்த வழியில்தான். மெத்தையை நிமிர்த்திச் சுவரில் படாமல் சாய்த்து வை. வீட்டுக்குள் உள்ள அறைக் கதவுகளைத் திறந்தே விடு. வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதே, கொசுவலை மட்டும் அடி; காற்றுதான் இந்த வீட்டுக்கு மருந்து.

பட்டுப் புடவைகளை நிழலில் ஒரு மணி நேரம் காற்றாடவிட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, துவைத்த பருத்தி வேட்டியில் சுற்று. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்க்கும். அந்துருண்டை ஜரிகையில் பட்டால் ஜரிகை கறுக்கும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் வை. பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் அடுப்புக்கரியைச் சின்னத் துணிப்பையில் கட்டி வைத்தால் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும். லெதர் செருப்பு, பெல்ட், கைப்பை எல்லாவற்றையும் துடைத்து, பீரோவுக்கு வெளியிலேயே தொங்கவிடு.

நகை பேங்க் லாக்கருக்குப் போகட்டும். வீட்டுப் பத்திரம், சர்ட்டிபிகேட் எல்லாம் ஜிப் கவரில் போட்டு, ஒழுகாத அறையில், தரையிலிருந்து உயரமாக வை. ஐலண்டர் கார்டை மட்டும் வீட்டில் விட்டுவிடாதே. திரும்பும் கப்பலில் தீவுக்காரர்களுக்கான சலுகைக் கட்டணம் அதைக் காட்டினால்தான்.

கேஸ், கரண்ட், நிலநடுக்கம்

அடுப்புக் குமிழை மூடினால் போதாது. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரையே கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடு. 2004 டிசம்பர் 26-ஐ நாம் மறக்க முடியாது. நிலநடுக்க ஆபத்து மிக அதிகமுள்ள மண்டலத்தில் நம் தீவுகள் இருக்கின்றன; சின்ன அதிர்வுகள் அவ்வப்போது வந்துபோகும். பீரோ மேல் அடுக்கிய பெட்டி, மிக்ஸி, கண்ணாடிச் சாமான், பரணில் கிடக்கும் குத்துவிளக்கு எல்லாவற்றையும் கீழே இறக்கித் தரையில் வை. டிவியைச் சுவர்ப்பக்கம் தள்ளி நிறுத்து.

டிவி, வைஃபை, மோட்டார் பிளக்குகளைப் பிடுங்கு. கேபிள் ஒயரையும் கழற்று. இடி மின்னலுக்கு ஸ்விட்ச் தடுப்பாகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழுச் சார்ஜ் ஏற்றி, ஆஃப் செய். ரிமோட், கடிகாரம், டார்ச்சிலிருந்து செல்லை எடுத்துவிடு. செல் கசிந்தால் பொருளே போய்விடும். ஸ்கூட்டியில் பெட்ரோலை முழுக்க நிரப்பி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்று. பாதி டேங்க் காலியாக இருந்தால் உள்ளே துருப்பிடிக்கும்.

சாவி யாரிடம்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. நம் தெருவில் வங்காளி தீதி, தெலுங்கு அக்கா, ராஞ்சிக்காரர், மலையாளிச் சேச்சி என்று எல்லாரும் இருக்கிறார்கள். நல்ல பழக்கமுள்ள ஒருவரிடம் சாவியைக் கொடு. வாரம் ஒரு தடவை, மழை விட்ட நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்துவிடச் சொல். கேட்டில் செருகிய நோட்டீஸ், பில் எல்லாம் குவியாமல் எடுத்து வைக்கட்டும். உன் வாசலில் தினமும் கோலம் இருந்தது என்றால், நீ போனபின் அது இல்லாததே ஊருக்குச் சேதி சொல்லிவிடும். ஒரு சின்னக் கோலம் போடவும் கேட்டுக்கொள். வெளி பல்பு இராப்பகலாக எரிந்தாலும் ஆளில்லை என்று அர்த்தம். இருட்டினால் தானாக எரிகிற சென்சார் பல்பு வாங்கிப் போடு.

மெயின் ஸ்விட்ச் எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர், அவசரத்துக்கு 112 என்று எல்லாவற்றையும் இந்தியில் பெரிதாக எழுதி, கதவுக்கு உள்பக்கம் ஒட்டு. யார் வந்தாலும் படித்துக்கொள்வார்கள். நடுக்கடலில் உன் போனுக்குச் சிக்னல் இருக்காது. அதனால் தீவிலேயே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் நம்பரையும் சாவிக்காரரிடம் கொடு. கூரை பிய்ந்தது, மரம் சாய்ந்தது என்றால் முடிவு சொல்ல ஒரு ஆள் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பயணப் படத்தைத் திரும்பி வந்தபிறகு போடலாம்.

கிளம்பும் காலை

• விளக்கேற்றிச் சாமி கும்பிட்டதும், திரி முழுக்க அணைந்ததா என்று கைவைத்துப் பார்.
• கடைசிக் குப்பையை வெளியேற்று. ஆள் கிளம்பிய பின்னால் கூட்டக்கூடாது என்பார்கள், முன்பே கூட்டித் துடை.
• ஜன்னல் கொக்கி, பின்கதவுத் தாழ், மாடிக் கதவு.
• குழாய், வால்வு, ரெகுலேட்டர், மெயின் ஸ்விட்ச். சென்சார் பல்பு தனி லைனில் இல்லையென்றால் மெயினை அணைக்காமல், மற்ற ஸ்விட்சுகளை மட்டும் அணை.
• பூட்டுக்குள் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டு. உப்புக்காற்றில் பூட்டு இறுகினால், நடுமழையில் வாசலில் நிற்கவேண்டி வரும்.

திரும்பி வந்ததும்

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போ. முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திற. கேஸ் வாடை இல்லை என்று தெரிந்தபிறகுதான் ஸ்விட்சைத் தொடு. டார்ச் அடித்து, சுருட்டிய பாய், ஷூ, கட்டிலடி எல்லாம் பார். பூரான் இருந்தாலும் இருக்கும். எலிப்புழுக்கை கிடந்தால் அப்படியே துடைப்பத்தைப் போடாதே. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, பத்து நிமிஷம் விட்டு, கையுறையோடு துடை. டேங்கில் கிடந்த தண்ணீரைக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீர் பிடி. வந்து ஒரு வாரம், பத்து நாளில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பூட்டிக்கிடந்த வீட்டைச் சுத்தம் செய்தோம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்.

சாவிக்காரருக்கு ஊரிலிருந்து நல்ல மிக்சரும் பலகாரமும் வாங்கி வா. அவர் பார்த்துக்கொண்டதுதான் உன் வீடு.

இத்தனை வேலையும் ஒரே நாளில் முடியாது தங்கச்சி. டிக்கெட் கிடைத்த அன்றே ஒரு தாளில் எழுதி, ஒரு நாளுக்கு ஒரு வேலை என்று முடி. பிறகு வீட்டைப் பற்றிய கவலையில்லாமல் அம்மா வீட்டில் நிம்மதியாக இரு. பத்திரமாகப் போய்விட்டு வா.