இரு செங்கோண முக்கோணங்கள் ஒன்றுதானா?



சாஆவில் என் கடைச் சுவரில் பலகை தாங்கும் முக்கோணச் சட்டம் ஒன்று இருந்தது. அதற்கு ஜோடியாக இன்னொன்று செய்யச் சொல்லியனுப்பினேன். "சாய்ந்த கட்டை 25 அங்குலம்" என்ற ஓர் அளவை மட்டுமே கொடுத்தேன். வந்தது பொருந்தவில்லை. பழையதன் பக்கங்கள் 15, 20. புதியதன் பக்கங்கள் 7, 24. வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: இரண்டிலும் 625, ஆகவே கர்ணம் இரண்டிலும் 25 தான். ஆசாரிமீது குற்றமில்லை, குறைவாகச் சொன்னது நான்.

செங்கோணத்துடன் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று ஒத்திருந்தால் இரு முக்கோணங்களும் சர்வசமம் என அறியவும்:

1. செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்கள்.
2. கர்ணமும் மற்றொரு பக்கமும். கர்ணம் 25, பக்கம் 15 என்றால் மிச்சப் பக்கம் 20 தவிர வேறு வராது.
3. கர்ணமும் ஒரு குறுங்கோணமும்.

கோணங்கள் மட்டும் ஒத்தால் போதாது. 3, 4, 5 என்பதும் 6, 8, 10 என்பதும் ஒரே வடிவம், ஒரே அளவல்ல.

யூக்ளிடின் கணித நூலை ஹாரூன் ரஷீத் காலத்திலேயே பக்தாதில் அரபியில் பெயர்த்தார்கள். நம் பிள்ளைகளும் இந்த இல்மைக் கற்கட்டும்.

அளவை நிறைவாகக் கொடுப்பது மார்க்கக் கட்டளை. தராசில் மட்டுமல்ல, சொல்லிலும் அவ்வாறே கொடுப்போமாக.